எடை முதலில், மிதவை பிறகு

மைசூரிலிருந்து கடலுக்கு எந்தத் திசையில் கிளம்பினாலும் மலை இறங்கியாக வேண்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மடிக்கேரி வளைவுகள், தெற்கே திம்பம் கொண்டை ஊசிகள். அலைச்சத்தமே கேட்காத இந்த ஊருக்கு இன்று ஆழ்கடலில் மூழ்குவதற்கான சாமான்கள் கூரியரில் வந்து இறங்குகின்றன. ஹெப்பால் பக்கம் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, விங் எத்தனை பவுண்டு, தகடு எஃகா அலுமினியமா என்று விவாதிக்கிறார்கள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நான் தண்ணீரில் இறங்கிய காலத்தில் இந்தச் சொற்கள் எதுவும் எங்களிடம் இல்லை. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு மட்டும் இருந்தது. பொருள் சுலபமாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில் அந்தக் கணக்கு கைநழுவிப் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை. பள்ளிக்கூடம் மைசூரில், கோடை விடுமுறை முழுக்கப் பவானியில் தாத்தா வீட்டில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பார்த்த காவிரியையே மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் மறுபடி பார்ப்போம். ஆற்றில் விடுவதற்கு முன்னால் தாத்தா எங்களைத் தோட்டத்துக் கிணற்றில் இறக்குவார். சுவரில் ஆணி அடித்து, முற்றவிட்டுக் காயவைத்த சுரைக்காய்களை வரிசையாக மாட்டியிருப்பார். சுரைப்புருடை என்போம். சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று எல்லா அளவிலும் இருக்கும்.

அவர் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் புருடையை எடுப்பார். ஒல்லிப் பையனுக்கு ஒன்று, எலும்பு கனத்தவனுக்கு வேறொன்று. பயத்தில் பெரிய புருடையைக் கேட்டால் தரமாட்டார். "புருடை பெருசாப் போச்சுன்னா மெதக்கத்தாண்டா பழகுவே, நீந்தப் பழக மாட்டே" என்பார். கயிற்றைக் கட்டும் இடத்திலும் அவருக்கு அவ்வளவு கவனம். நெஞ்சுக்கு மேலே ஏறினால் கால் தொங்கிவிடும். இடுப்புக்கு இறங்கினால் முகம் தண்ணீருக்குள் போய்விடும். முதுகில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே கட்டினால் உடம்பு பாய் விரித்ததுபோல் படுக்கும். நாலைந்து நாளில் சின்னப் புருடைக்கு மாற்றுவார், பிறகு கழற்றிவிடுவார். மிதவையின் அளவு, மிதவை இருக்க வேண்டிய இடம், எப்போது குறைப்பது: இன்று ஸ்கூபா வகுப்பில் மிதப்பைப் பற்றிச் சொல்லித்தரும் பாடமெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

மைசூரில் சரஸ்வதிபுரத்துப் பல்கலைக்கழகக் குளத்தில் அந்த நீச்சலுக்கு முறை வந்தது. கடலுக்கடியில் முதல் மூச்சை இழுத்தது பல வருடம் கழித்து, முருடேஷ்வர் கரையிலிருந்து படகில் போகும் நேத்ராணித் தீவில். அப்போதெல்லாம் மைசூரிலிருந்து முருடேஷ்வர் போய்ச் சேர இரண்டு மூன்று பஸ் மாற வேண்டும். இப்போது மைசூரு வழியாகவே அங்கே ரயில் போகிறது. அன்று சாமான் எல்லாம் வாடகைதான். எனக்குக் கிடைத்தது மிதப்புக்காகக் காற்று அடைக்கும் ஒரு பழைய ஜாக்கெட், தோளில் பெரிசு. இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கோத்த பெல்ட். ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஈயம் கட்டுவதுதான் அந்தக் காலத்து வழக்கம்; புதியவர்களுக்கு ஒன்றிரண்டு கட்டி கூடுதலாகவே விழும். கனம் கூடினால் ஆள் சீக்கிரம் இறங்குவார், மேலே மிதந்து போய்விட மாட்டார், கூட்டிப் போகிறவருக்கு வேலை குறைவு.

அந்தக் கூடுதல் ஈயம் என்ன செய்யும் என்பதை உடம்பு உடனே சொல்லிவிடும். ஈயம் கீழே இழுக்க, அதை ஈடுகட்ட ஜாக்கெட்டில் காற்று அடைக்க வேண்டும். ஆழம் கூடக்கூட அந்தக் காற்று சுருங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, காற்றின் பருமன் பாதி. மேலே ஏறினால் அதே காற்று விரியும். ஜாக்கெட்டில் எவ்வளவு அதிகம் காற்று இருக்கிறதோ அவ்வளவு அதிகம் அலைபாய்ச்சல். நெஞ்சில் காற்று, இடுப்பில் ஈயம் என்றால் உடம்பு நிமிர்ந்து நின்றுவிடும். கால்கள் கீழே உதைக்கும். அந்த உதையில் மணல் கிளம்பும், பவளம் உடையும். நேத்ராணியின் பாறைகளில் ஒட்டி வளரும் ஓர் உயிர் கைப்பிடி அளவு வளர எத்தனையோ வருடம் ஆகிறது. ஒரு கிலோ கூடுதல் ஈயம் அதை ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. அதனால்தான் மிதப்பை வசதி சார்ந்த விஷயமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த பருவத்தில் வேறொரு பயிற்சியாளர், பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு கட்டிகளை உருவிப் படகில் போட்டார். அன்றுதான் நீருக்குள் அசையாமல் நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தது. கை அசைக்காமல், கால் உதைக்காமல், மூச்சை இழுத்தால் கொஞ்சம் ஏறி, விட்டால் கொஞ்சம் இறங்கி, அப்படியே. உபகரணம் மாறவில்லை, அதே பழைய ஜாக்கெட். எடை சரியானதும் எல்லாம் சரியாயிற்று.

இந்த ஜாக்கெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1943-இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் பிரான்ஸில் அக்வாலங் என்ற மூச்சுக்கருவியை உருவாக்கியபோது மிதவைக் கருவி என்று எதுவும் கிடையாது. நுரையீரலும் ஈய பெல்ட்டும்தான். 1960களில் கழுத்தில் மாட்டும் ஊதுபை வந்தது. குதிரையின் கழுத்துப்பட்டைபோல் இருக்கும். மேற்பரப்பில் ஆளை மல்லாக்க மிதக்கவைப்பதற்கு நல்லது. 1970களில் கைகளை நுழைத்துப் போடும் ஜாக்கெட் வந்தது. உலகம் முழுக்க வாடகைக் கடைகளில் இன்றும் தொங்குவது அதன் வாரிசுகள்தான். ஃபுளோரிடாவில் நீருக்கடியில் இருக்கும் குகைகளுக்குள் போனவர்களுக்கு இது சரிப்படவில்லை. குகையின் கூரைக்கும் தரைக்கும் நடுவே மட்டமாகப் படுத்துப் போக வேண்டும். வழியில் எதுவும் சிக்கக் கூடாது. அவர்கள் முதுகுக்கு ஓர் உலோகத் தகடு, அதில் கோத்த ஒரே நீள நாடாப்பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு காற்றுப்பை என்று சுருக்கினார்கள். அந்தக் காற்றுப்பைதான் விங். தேவையில்லாததைக் கழற்றிவிடும் அந்த முறைக்கு, அங்கே மூழ்கிய பில் ஹோகார்த் மெயின் என்பவரின் நடுப்பெயரே நிலைத்துவிட்டது.

இன்று கடைக்குப் போனால் இந்த வகைகள் அனைத்தும் கிடைக்கின்றன. ஜாக்கெட் மேற்பரப்பில் ஆளை நிமிர்த்திப் பிடிக்கும், பைகள் நிறைய, போடச் சுலபம். ஆனால் ஊதினால் விலாவை இறுக்கும், நீருக்குள் நிமிர்த்தப் பார்க்கும். முதுகில் மட்டும் காற்று நிற்கும் வகை நீருக்குள் மட்டமாகப் படுக்கவைக்கும். மேற்பரப்பில் அளவுக்கு மேல் ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும். தகடும் விங்கும் எல்லா உடம்புக்கும் பொருந்தும்படி நாடாவை அளந்துகொள்ளலாம், உடைவதற்குக் கொக்கிகள் குறைவு. சிலிண்டரை இரண்டு பக்கமும் தொங்கவிடும் சைடுமவுண்ட், முதுகில் பாரம் தூக்க முடியாதவர்களுக்கும் குறுகலான இடங்களுக்குள் நுழைபவர்களுக்கும் உதவும்.

போன வருடம் அக்கா மகன் வந்தான். பெங்களூரில் ஸ்கூபா படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். 60 பவுண்டு தூக்கும் விங், கனமான எஃகுத் தகடு, வளையங்கள், பைகள்.

"இதை வாங்கிடலாம்னு இருக்கேன் மாமா. ஒரே தடவை செலவு. நாளைக்கு ரெட்டை சிலிண்டர் போட்டாலும் இதுவே ஆகும்ல?"

"இப்ப எத்தனை சிலிண்டர் போடுற?"

"ஒண்ணுதான்."

"எந்தத் தண்ணியில?"

"நேத்ராணி. அடுத்து அந்தமான்."

ஒரு காகிதம் எடுத்துவரச் சொன்னேன். ஒற்றைச் சிலிண்டரின் கணக்கை இருவரும் சேர்ந்தே போட்டோம். நம் கடல்களில் சாதாரணமாகக் கிடைப்பது 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் இருக்கும் காற்றின் எடை சுமார் இரண்டரை கிலோ. மூழ்கும்போது அது செலவாகிக்கொண்டே போகும். கடைசியில் அந்த இரண்டரை கிலோ நம்மிடம் இருக்காது. ஆகவே தொடக்கத்தில் அவ்வளவு கனத்தைச் சுமந்தே ஆக வேண்டும், அதை விங் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்தது உடை. 3 மில்லிமீட்டர் வெட்சூட் மேலே இரண்டு கிலோ அளவுக்கு மிதப்புத் தரும். ஆழத்தில் நசுங்கி அதில் பெரும்பகுதியை இழக்கும். அதையும் விங் ஈடுகட்ட வேண்டும். மேற்பரப்பில் தலை வெளியே நிற்க இன்னும் நாலைந்து கிலோ. கூட்டிப் பார்த்தால் ஒன்பது, பத்து கிலோவில் முடிகிறது. 30 பவுண்டு விங், அதாவது சுமார் பதின்மூன்றரை கிலோ, தாராளம்.

"மீதி சும்மா இருந்துட்டுப் போகட்டுமே மாமா?"

சும்மா இருக்காது. ஒற்றைச் சிலிண்டரின் இருபுறமும் பெரிய விங் மடிந்து சுருட்டிக்கொள்ளும். மடிப்புக்குள் காற்று மாட்டினால் வெளியேற்ற நினைக்கும்போது வராது. ஒரு பக்கம் காற்று கூடினால் ஆள் சாய்வான். அந்தத் துணி முழுவதையும் தண்ணீரில் இழுத்துக்கொண்டு நீந்த வேண்டும். இதையெல்லாம் விட மோசமானது, பெரிய விங் தவறான எடையை மறைத்துவிடும். நான்கு கிலோ ஈயம் கூடுதலாகக் கட்டியிருந்தாலும் ஒரு பொத்தானை அழுத்திச் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடிகிறவரை ஆள் தன் எடையைத் தேட மாட்டான். எங்கள் தாத்தா பெரிய புருடையைக் கொடுக்க மறுத்ததற்குக் காரணமும் இதுவே.

மைசூர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாம் பழகுவது நன்னீரில். கடல்நீர் அதைவிட இரண்டரை சதவீத அளவுக்கு அடர்த்தி. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், குளத்தில் சரியாக நின்றவர் கடலில் இன்னும் சுமார் இரண்டரை கிலோ ஈயம் கட்டினால்தான் அதேபோல் நிற்பார். அந்தமானில் 3 மில்லிமீட்டர் உடையில் சரியாக இருந்தது குளிர்ந்த கடலில் 5 மில்லிமீட்டர் உடைக்குப் பற்றாது. எடை என்பது ஒருமுறை குறித்துவைத்து மறந்துவிடும் எண்ணாக இருக்க முடியாது. தண்ணீரும் உடையும் சிலிண்டரும் மாறும்போதெல்லாம் புதிதாகப் பார்க்க வேண்டும். சோதிக்கும் முறை சுலபம். மூழ்கலின் முடிவில், சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் விங்கைக் காலியாக்கிவிட்டு இயல்பாக மூச்சுவிட வேண்டும். ஏறாமல் இறங்காமல் நிற்க முடிந்தால் ஈயம் சரி.

அவன் விடவில்லை. "சரி மாமா, ஹெர்மிஸுக்குப் போகணும்னா?"

அந்தக் கேள்விக்காக அவனை எனக்குப் பிடித்திருந்தது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் கிழக்குக் கடலில் அடுத்தடுத்துக் கப்பல்களை மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பலான எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் 300-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் வடக்கே பாசிக்குடா, கல்குடா பக்கம் மூழ்கியது. உள்நாட்டுப் போர் முடியும்வரை அந்தக் கடலுக்குப் போவதை எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. 2009-க்குப் பிறகு அது திறந்தது. இப்போது இரண்டு கப்பலுக்கும் ஆட்கள் போகிறார்கள். ஒரே நாளில் மூழ்கிய கப்பல்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே சாமான் போதாது.

பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடப்பது சுமார் 25 மீட்டரில். பயிற்சி பெற்ற ஒருவர் ஒற்றைச் சிலிண்டரும் சின்ன விங்குமாகப் போய் வரலாம். நானும் அப்படித்தான் போனேன். ஹெர்மிஸ் கிடப்பது 53 மீட்டரில். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு மூச்சும் ஆறு மூச்சின் காற்றைத் தின்னும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் புத்தியை மயக்கும் ஆழம் அது. ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் வேண்டும். ஏறும் வழியில் படிப்படியாக நின்று நின்று வர வேண்டும். நேரே மேலே வந்துவிட முடியாது. ஆகவே முதுகில் இரட்டைச் சிலிண்டர், பக்கவாட்டில் இன்னும் ஒன்றிரண்டு. அங்கே 40 பவுண்டு விங், சில சமயம் அதற்கும் மேல், உண்மையிலேயே தேவைப்படும்.

எங்கள் கடலுக்கென்று ஒரு சிக்கல் இங்கேதான் வருகிறது. இப்படி ஆழமாகப் போகும் டெக்னிக்கல் டைவிங் பற்றிய பாடங்களில் பெரும்பகுதி குளிர்நீர் நாடுகளில் உருவானவை. அங்கே நீர் புகாத டிரைசூட் போடுகிறார்கள். விங் கிழிந்துபோனால் அந்த உடைக்குள் காற்று ஏற்றி மேலே வரலாம். அதுவே இரண்டாவது மிதவை. 28 டிகிரி வெதுவெதுப்பான மட்டக்களப்புக் கடலில் யார் டிரைசூட் போடுவார்கள்? மெல்லிய உடையோடு, எஃகு இரட்டைச் சிலிண்டரும் எஃகுத் தகடும் மாட்டிக்கொண்டு 50 மீட்டரில் இருக்கும்போது விங் போய்விட்டால், பல கிலோ வாயுவும் எஃகின் கனமும் சேர்ந்து கீழே இழுக்கும். கழற்றி எறிய ஈயமும் இருக்காது. கால் உதைத்து நீந்தி மேலே வர முடியாது. அதனால்தான் வெதுவெதுப்பான நீரில் அலுமினிய இரட்டைச் சிலிண்டர் மாட்டச் சொல்கிறார்கள். காற்று தீரும்போது அது லேசாகிவிடும். அதற்கு ஈடாக எஃகுத் தகடும் கழற்றக்கூடிய கொஞ்சம் ஈயமும். அல்லது விங்குக்குள் இரண்டாவது காற்றறை. எதை வாங்கினாலும் ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: முழுச் சிலிண்டரோடு அடியில் இருக்கும்போது விங் செத்துப்போனால் எதைக் கழற்றி, எதை நம்பி மேலே வருவேன்?

இந்தக் கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் அதைத் தனியே மேலே இழுத்துக்கொள்வார். சிப்பியைப் பொறுக்கும்போதும் ஏறும்போதும் குளிப்பவரின் உடம்பில் அந்தக் கனம் கிடையாது. இறங்கத் தேவையான எடை ஏறும்போது கூட வரக் கூடாது என்பதை அவர்கள் எழுதிவைக்கவில்லை, ஒவ்வொரு முங்கலிலும் செய்துகாட்டினார்கள். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிப் பக்கம் நடந்த முத்துக்குளிப்புகளோடு அந்தத் தொழில் ஓய்ந்தது. அதில் இருந்த அறிவை நாம் விலை கொடுத்து வெளிநாட்டுக் கையேடுகளில் திரும்பப் படிக்கிறோம். படிப்பதில் தவறில்லை, அது நம்முடையதும்தான் என்று தெரிந்து படித்தால் இன்னும் ஆழமாகப் பதியும்.

அக்கா மகன் கடைசியில் வாங்கியது எஃகுத் தகடு ஒன்று, ஒரே நீள நாடாப்பட்டை, 30 பவுண்டு விங். எஃகுத் தகட்டின் இரண்டரை கிலோ, இடுப்பில் கட்டும் ஈயத்தில் அவ்வளவைக் குறைத்துவிட்டது. அந்த எடை இப்போது முதுகில், நுரையீரலுக்குப் பக்கத்தில் இருப்பதால் உடம்பு மட்டமாக நிற்கிறது. தகட்டில் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் இருக்கின்றன. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த ஒரே அளவைப் பின்பற்றுகிறார்கள். நாளைக்கு அவன் முறையாகப் படித்து இரட்டைச் சிலிண்டருக்குப் போனால் அதே தகட்டில், அதே நாடாவில், பெரிய விங்கை மட்டும் மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். "ஒரே தடவை செலவு" என்று அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அது தகட்டுக்குப் பொருந்தும், விங்குக்குப் பொருந்தாது. மிச்சமான பணத்தில் நேத்ராணிக்கு இன்னொரு முறை போய்வந்தான்.

குளத்தின் ஓரத்தில் விவாதிக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் வாடகைச் சாமானிலேயே உங்கள் எடையைக் கண்டுபிடியுங்கள். எந்தத் தண்ணீர், எந்த உடை, எந்தச் சிலிண்டர், எத்தனை கிலோ ஈயம் என்று ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்போடு கடைக்குப் போங்கள். விற்பவர் எந்த வகையைக் காட்டினாலும் இரண்டு சோதனை போதும்: ஆள் இல்லாமல் முழுச் சிலிண்டரோடு தண்ணீரில் விட்டால் இது மிதக்குமா? மூழ்கலின் தொடக்கத்தில் நான் சுமக்கும் கனத்தைத் தூக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால், அப்படி ஆம் சொல்பவற்றிலேயே சின்னதை வாங்குங்கள். உங்கள் பக்கத்தில் நீந்துபவரின் பாதுகாப்பும் உங்கள் காலடியில் இருக்கும் பவளத்தின் ஆயுளும் அந்தத் தேர்வில் அடங்கியிருக்கின்றன.